பழைய காரின் யன்னலும் மழைநீரும்

மாரிகாலத்துப் பெருமழை பெய்து ஓய்ந்த ஒரு காலைப்பொழுதில், பழைய கார் ஒன்றின் கதவைத் திறக்கும்போது அதனுள்ளே நீர் தளம்பும் ஒலி சிலவேளை கேட்பதுண்டு. அரைக் குடம் நீரை அசைத்தாற் போன்ற அவ்வொலியைக் கேட்டவர் பலர். அதன் காரணத்தை ஆராய்ந்தவர் சிலர். கதவினுள் நீர் புகுவது எங்ஙனம்? புகுந்த நீர் வெளியேறாதது ஏன்? அதனால் விளையும் கேடு யாது? அக்கேட்டைத் தீர்க்கும் வழி என்ன? இவ்வினாக்களுக்கு விடை கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். தமிழாசிரியன் ஒருவன் மோட்டார் வண்டியைப் பற்றி எழுதுதல் பொருந்துமோ என ஐயுறுவார்க்கு ஒன்று கூறுவேன். அறியாமையால் ஒரு கதவைக் கெடுத்து, பின்னர் அதனைச் சீர்செய்யக் கற்றுக்கொண்ட அனுபவம் ஒன்றே இதனை எழுத எனக்குள்ள தகுதி.

யாழ்ப்பாணத்து வீதிகளில் இன்றும் இடையிடையே காணப்படும் பழைய ஆங்கிலக் கார்களுள் மொறிஸ் மைனர் ஒன்று. அலெக் இசிகோனிஸ் என்னும் வடிவமைப்பாளரின் தலைமையில் உருவான இவ்வண்டி, 1948ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் நடைபெற்ற மோட்டார்க் கண்காட்சியில் முதன்முதலாக மக்கள் பார்வைக்கு வந்தது. 1956ஆம் ஆண்டில் இரண்டாகப் பிரிந்திருந்த முகப்புக் கண்ணாடி ஒன்றாக்கப்பட்டு, 'மைனர் 1000' என்னும் பெயர் பெற்றது. 1970களின் தொடக்கத்தில் உற்பத்தி நின்றபோது, ஏறத்தாழ 16 இலட்சம் வண்டிகள் செய்யப்பட்டிருந்தன. இந்நாட்டுக்கு வந்து சேர்ந்தவற்றுட் பல ஒன்றுக்கு மேற்பட்ட தலைமுறைகளைக் கண்டுவிட்டன. 1990களில் பெற்றோல் கிடையாத காலத்தில் இத்தகைய கார்கள் யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயில் ஓடியதை மூத்த பழைய மாணவர்கள் மறந்திரார். இயந்திரத்தை எவ்வாறேனும் ஓடவைத்தலே பெரும் பாடாயிருந்த அந்நாளில், யன்னலோரத்துக் கம்பளிப் பட்டியைப் பற்றி எண்ண எவருக்கு நேரமிருந்தது?

எந்தையாரும் இக்கல்லூரியின் பழைய மாணவரே. அவரிடமிருந்த 1958ஆம் ஆண்டு மைனரின் யன்னற் கண்ணாடிகள், வண்டி மேடுபள்ளத்தில் ஏறி இறங்குந்தோறும் கடகடவென ஒலிக்கும். அதனை அடக்குவதற்காக அவர் பழைய சைக்கிள் ரியூப்பை நீளமாக வெட்டிக் கண்ணாடியின் ஓரத்திற் செருகி வைத்திருந்தார். அவருக்குப் பின் வண்டி என் பொறுப்பில் வந்தது. அவ்வாண்டு மாரியில், கதவுகளின் அடிப்புறத்திலுள்ள சிறு துளைகளினூடாக நீர் சொட்டுவதைக் கண்டேன். கறல் அரித்த துளைகள் அவையென முடிவு செய்து, பூச்சுக்களியினால் அவற்றை அடைத்து, மேலே வர்ணமும் பூசினேன். தந்தையாரின் வண்டிக்கு நன்மை செய்துவிட்டேன் என்று மகிழ்ந்தும் இருந்தேன். இரண்டு மாரிகள் சென்றன. கதவினுள் நீர் தளம்பும் ஒலி கேட்டது. ஒருநாள் கதவின் கீழ்விளிம்பை விரலால் அழுத்தினேன். தகரம் உக்கிய ஓலைபோல நொருங்கிற்று.

பழுதான பகுதியை வெட்டி நீக்கிப் புதுத்தகரம் ஒட்டித் தந்த முதியவர், நான் அடைத்த துளைகளைக் கண்டதும் சிரித்தார். "மாஸ்ரர், கதவுக்குள்ளை தண்ணி போறது பிழையில்லை. அது வெளியாலை போற வழியை அடைச்சதுதான் பிழை" என்றார். அச்சொற்களின் பொருளை விளங்கிக்கொள்ளக் கதவின் அமைப்பை அறிதல் வேண்டும்.

கார்க் கதவு என்பது வெளித்தகரம் ஒன்றும் உட்சட்டம் ஒன்றும் விளிம்பில் மடித்து இணைக்கப்பட்ட ஒரு கூடு. கண்ணாடி இக்கூட்டினுள் இறங்கவும் மேலே ஏறவும் வேண்டியிருத்தலால், அதன் நடுவே, இடைவிளிம்பில், நீண்ட திறப்பு ஒன்று இன்றியமையாதது. கண்ணாடியின் வெளிமுகத்தில் வழியும் மழைநீர் அத்திறப்பை நோக்கியே வரும். அதன் வெளிவிளிம்பிற் பொருத்திய இறப்பர்ப் பட்டி, கண்ணாடியோடு ஒட்டிநின்று நீரிற் பெரும்பங்கை வழித்து வெளியே தள்ளும். எஞ்சிய சிறுபங்கு உள்ளே இறங்கும். அது கண்ணாடியின் வழியே கீழே சென்று, அடித்துளைகளினூடாக நிலத்தை அடையும். ஆகவே பட்டியும் துளையும் ஒரே தொழிலின் இரு பாதிகளாம். முன்னது வரவைக் குறைப்பது. பின்னது வந்ததை அனுப்புவது. ஒன்று கெடின் மற்றையதின் சுமை பெருகும். இரண்டும் கெடின் கதவு உக்கும். அதுவும் தகரம் மடிக்கப்பட்ட கீழ்விளிம்பிலேயே தொடங்கும். அம்மடிப்பில் நீரும் சேறும் தங்கி உலராதிருத்தலே அதற்குக் காரணம்.

இனி, கண்ணாடியின் வழிகாட்டியை நோக்குவோம். கண்ணாடியின் முன்விளிம்பும் பின்விளிம்பும் 'ப' வடிவான உலோகத் தவாளிப்புகளுள் ஓடுகின்றன. கடைகளில் இதனைச் 'சனல்' என்பர். மைனரில் முன்புறத் தவாளிப்பு, முக்கோணச் சிறு யன்னலையும் பெரிய கண்ணாடியையும் பிரிக்கும் நிலைக்கம்பத்தில் அமைந்துள்ளது. தவாளிப்பின் உட்புறத்திற் கம்பளி போன்ற மென்மயிர்த் துணி ஒட்டப்பட்டிருக்கும். கண்ணாடியைத் தளராது பிடித்தலும் தடையின்றி வழுக்கவிடுதலும் அதன் கடமைகள். அடிவிளிம்பு வேறோர் உலோகத் தவாளிப்பில் இறப்பர்ப் பட்டியொன்றினால் இறுக்கப்பட்டிருக்கும். கைப்பிடியைச் சுழற்றும்போது அத்தவாளிப்பையே உள்ளிருக்கும் இரும்புக் கை உயர்த்துகின்றது.

மென்மயிர் தேய்ந்தால் கண்ணாடி ஆடும், ஆடினால் ஒலிக்கும். ஒலி சிறு தொல்லையே. ஆனால் ஆடும் கண்ணாடி இடைவிளிம்புப் பட்டியோடு ஒட்டி நில்லாது. இடைவெளி உண்டாகி நீர் மிகுதியாகப் புகும். அன்றியும், மயிர் முற்றாக உதிர்ந்தபின் கண்ணாடியின் விளிம்பு வெறும் உலோகத்தில் மோதும். கதவுக் கண்ணாடி சூடாக்கித் திடீரெனக் குளிர்விக்கப்பட்டு வன்மையூட்டப்பட்டது. அதன் முகம் வலியது, விளிம்போ மெலிந்தது. விளிம்பிற் பட்ட ஓர் அடியால் முழுக்கண்ணாடியும் ஒரு கணத்திற் சிறு மணிகளாகச் சிதறக்கூடும். அதனை வெட்டவோ துளைக்கவோ முயல்தலும் ஆகாது.

எந்தையார் வைத்த சைக்கிள் ரியூப் ஒலியை அடக்கியது உண்மை. எனினும் இறப்பர் பற்றும் இயல்புடையது. மென்மயிர் வழுக்கும் இயல்புடையது. பற்றும் பொருளை வழுக்க வேண்டிய இடத்தில் வைத்தமையால், கண்ணாடியை ஏற்ற மிகுந்த பலம் வேண்டியதாயிற்று. ஏற்றும் பொறியின் பற்களும் தேய்ந்தன. அக்காலத்தில் அவருக்கு வேறு வழியில்லை. இக்காலத்தில் நமக்கு உண்டு.

இறப்பர் ஏன் வெடிக்கின்றது என்பதும் அறியத்தக்கது. இலங்கைக்கு இறப்பர்க் கன்றுகள் 1876ஆம் ஆண்டில் வந்தன. அம்மரத்தின் பாலிலிருந்து பெறும் இயற்கை இறப்பரின் மூலக்கூற்றுச் சங்கிலியில் இரட்டைப் பிணைப்புகள் உள்ளன. வளியிலுள்ள ஓசோன் அப்பிணைப்புகளைத் தாக்கி அறுப்பதனால், இழுபட்டும் வளைந்தும் நிற்கும் பட்டியில் வெடிப்புகள் தோன்றும். வெயிலும் அதனை விரைவாக முதுமையடையச் செய்யும். இந்நாளில் ஈ.பி.டி.எம். என்னும் செயற்கை இறப்பராலாய பட்டிகள் கிடைக்கின்றன. அதன் முதன்மைச் சங்கிலியில் இரட்டைப் பிணைப்பு இன்மையால், வெயிலையும் ஓசோனையும் அது நெடுங்காலம் தாங்கும். பட்டி வாங்குவோர் அதனைக் கேட்டு வாங்குதல் நன்று.

பழுதை அறியும் சோதனைகள் எளியன. கண்ணாடியைப் பாதி இறக்கி, மேல்விளிம்பைப் பிடித்து உள்ளும் புறமும் அசைத்துப் பார்க்க. நன்றாக ஆடினால் தவாளிப்புத் துணி தேய்ந்துவிட்டது. கண்ணாடியில் மேலிருந்து கீழாகக் கீறல்கள் காணப்படின், துணியிலோ பட்டியிலோ மணல் புதைந்துள்ளது. கதவுக்கும் உடலுக்கும் இடையேயுள்ள இறப்பரை, கடைகளில் 'பீடிங்' எனப்படுவதை, சோதிக்க ஒரு கடதாசித் துண்டு போதும். அதனை இடையில் வைத்துக் கதவைச் சாத்தி இழுக்க. தடையின்றி வந்தால் அவ்விடத்தில் அழுத்தம் இல்லை.

இனிச் செய்முறை. ஒருநாளில் ஒரு கதவையே கழற்றுக. மற்றைக் கதவு தொடப்படாதிருந்தால், ஐயம் நேரும்போது அதுவே வழிகாட்டும். கழற்றுமுன் கைத்தொலைபேசியில் ஒவ்வொரு நிலையையும் படம் பிடித்து வைத்தலும் பயன்தரும். முதலிற் கைப்பிடிகளை நீக்குக. சில வண்டிகளில் நடுவே திருகாணி தெரியும். சிலவற்றிற் கைப்பிடியின் அடியிலுள்ள வட்டத் தகட்டை அழுத்தினால் மறைந்திருக்கும் சிற்றாணி வெளிப்படும். அடுத்து உட்பலகையைக் கழற்றுக. அதனை இறுக்கும் வில்கிளிப்புகளின் அருகே அகன்ற தட்டை அலகொன்றைச் செலுத்தி, ஒவ்வொன்றாகக் கிளப்புதல் வேண்டும். ஓரிடத்தைப் பிடித்து இழுத்தாற் பழைய மட்டை கிழியும்.

உள்ளே தகர விளிம்புகள் கத்திபோல் இருக்கும், கையுறை அணிக. கண்ணாடியைத் தக்க உயரத்தில் நிறுத்தி, ஏற்றும் கையை அடித்தவாளிப்பிலிருந்து விடுவித்து, கண்ணாடியைச் சற்றுச் சரித்து மெல்ல வெளியே எடுத்து, துணி விரித்த இடத்தில் வைக்குக. பழைய சனலையும் இடைவிளிம்புப் பட்டிகளையும் நீக்கி, அவற்றின் நீளத்தை அளந்து குறித்துக்கொள்க. கண்ணாடியின் கனத்தையும் அளந்த பின்னரே புதிய சனலை வாங்குதல் வேண்டும். கனத்துக்குப் பொருந்தாத சனல் ஒன்றில் ஆடும், அன்றேல் இறுகும்.

இப்போது கதவு வெறுமையாக இருக்கின்றது. இதுவே கறலைக் களையத்தக்க வேளை. அடியிற் படிந்த சேற்றை அகற்றி, கழுவி, நன்றாக உலரவிட்டு, கறலைக் கம்பித் தூரிகையாலும் அரத்தாளாலும் தேய்த்து, கறல்தடுப்புப் பூச்சுப் பூசுக. பூச்சு அடித்துளைகளை அடைத்துவிடாதிருத்தல் முக்கியம்.

புதிய சனலைப் பசையின்றியே முதலிற் பொருத்திப் பார்க்க. மூலைகளில் வளைக்க வேண்டின், கையாற் சிறிது சிறிதாக வளைக்குக. சட்டென மடித்தால் அவ்விடம் நெரிந்து கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும். இடைவிளிம்புப் பட்டிகளைக் கண்ணாடியை உள்ளே இறக்குமுன் அமைத்தல் எளிது. பின்னர்க் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்து, இறுக்கம் மிகின் தவாளிப்பின் நிலையைத் திருத்துக. கைப்பிடியை வலிந்து திருப்பற்க. எல்லாம் ஒழுங்காயின் கிளிப்பினாலோ பசையினாலோ நிலைப்படுத்தலாம். புதுத்துணி சிறிது இறுக்கமாகவே இருக்கும். சில நாட் பழக்கத்தில் இளகும். அதனை விரைவுபடுத்த எண்ணெயோ கிறீசோ இடுதல் தவறு. எண்ணெய் இறப்பரை ஊதச் செய்யும். துணியில் மணலைச் சேர்க்கும். சிலிக்கன் தெளிப்பானைச் சிறிது பயன்படுத்தலாம். பீடிங் இறப்பரைச் செருகும்போது சவர்க்கார நீர் தடவினால் இலகுவாக இருக்கும்.

உட்பலகையை மீண்டும் பூட்டுமுன் அதன் பின்னே தடித்த பொலித்தீன் தாளொன்றை ஒட்டுக. இன்றேல், உள்ளே செல்லும் நீர் மட்டையை ஊறவைத்து உப்பச் செய்யும். தாளின் கீழ்விளிம்பு கதவின் உட்புறமாகச் செருகப்பட்டிருத்தல் வேண்டும். அப்போதுதான் அதில் வழியும் நீர் கதவினுள்ளேயே விழுந்து, துளைவழி போகும். இறுதியாக, ஒருவர் விளக்குடன் வண்டியினுள் அமர்ந்திருக்க, மற்றொருவர் கண்ணாடியின் மேல் வாளியால் நீர் ஊற்றிச் சோதித்தல் வேண்டும். உள்ளே இருக்கை நனையாதிருப்பதும், கீழே துளைகளில் நீர் சொட்டுவதும் வேலை செம்மையாக முடிந்தமைக்கு அடையாளங்கள்.

நம் கல்லூரி மாணவர்க்கு இதிற் கொள்ளத்தக்க பாடம் ஒன்று உண்டு. ஒரு பொருளிற் காணும் துளை பழுதோ, அன்றி அமைத்தவன் வேண்டுமென்றே வைத்ததோ என வினாவாமல் அதனை அடைத்தல் கூடாது. நான் அன்று ஒருவரிடம் கேட்டிருந்தால், அல்லது மற்றைக் கதவுகளிலும் அதே இடத்தில் அதே அளவான துளைகள் இருந்ததைச் சிந்தித்திருந்தால், ஒரு கதவு பிழைத்திருக்கும். பழைய வண்டி வைத்திருக்கும் அன்பர்கள், ஐப்பசி மழைக்கு முன் ஒருநாள் குனிந்து, கதவின் அடித்துளைகளை ஓர் ஈர்க்கினாற் குத்தித் துப்புரவு செய்வார்களாக. அதற்குச் செலவில்லை; ஐந்து நிமிடமே போதும். எந்தையாரின் மைனர் இன்றும் ஓடுகின்றது. மழை பெய்யும்போது அதன் கதவுகளின் கீழ் நீர் சொட்டக் காண்கின்றேன். இப்போது அது எனக்கு ஆறுதல் தருகின்றது.