அவசர வேளைக்குக் குடிநீர்: எவ்வளவு, எதில், எத்தனை நாள்?

கிராஞ்சி நீர்த்தேக்கத்தின் அருகே வசிப்பவர்கள்கூட, குழாய் நின்றுவிட்டால் அந்த நீரை அள்ளிக் குடிக்க முடியாது. 1975ல் கிராஞ்சி ஆற்றின் முகத்துவாரத்தில் அணை கட்டித் தேக்கிய அந்த நீர், சுத்திகரிப்பு நிலையம் சென்ற பிறகே நம் வீட்டுக் குழாய்க்கு வருகிறது. இடையில் குழாய் உடையலாம். உயரமான புளோக்குகளில் மின்சாரம் தடைப்பட்டு பம்பு நின்றுவிடலாம். அந்த ஓரிரு நாள்களுக்குத்தான் வீட்டில் கொஞ்சம் தண்ணீர் வேண்டும்.

மூத்தவர்களுக்கு இது புதிதல்ல. 1942 ஜனவரி 31ஆம் தேதி பாலம் தகர்க்கப்பட்டபோது, ஜொகூரிலிருந்து வந்த தண்ணீர்க் குழாயும் துண்டானது. 1963 ஏப்ரல் முதல் 1964 பிப்ரவரி வரை மழை குறைந்து தண்ணீர்ப் பங்கீடு நடந்ததும், பொதுக் குழாயடியில் வாளியோடு வரிசையில் நின்றதும் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அப்போது கிடைத்த பாத்திரத்தில் எல்லாம் பிடித்து வைத்தோம். இன்று அப்படிச் செய்ய வேண்டாம். திறந்த வாளியில் தேங்கிய சுத்தமான நீர்தான் ஏடிஸ் கொசுவுக்குப் பிடித்த இடம். முட்டை கொசுவாக ஒரு வாரமே போதும். வாளியின் உட்சுவரில் ஒட்டிய முட்டைகள் காய்ந்த நிலையிலும் பல மாதங்கள் உயிரோடு இருக்கும். வயதானவர்களுக்கு டெங்கி கடுமையாகலாம்.

ஒருவருக்கு ஒரு நாளைக்குக் குடிக்கவும் சமைக்கவும் 3 முதல் 4 லிட்டர் என்று கணக்கிடுங்கள். மூன்று நாளைக்குச் சுமார் 10 லிட்டர். இதை ஒரே பெரிய கலனில் வைக்காதீர்கள். 10 லிட்டர் என்றால் 10 கிலோ. மூட்டுவலி உள்ளவர் தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும், கால் வழுக்கும். ஒன்றரை லிட்டர் போத்தல் ஏழு இருந்தால் அதுவே போதும். தலைக்கு மேலுள்ள அலமாரியில் வைக்காமல், கைக்கு எட்டும் உயரத்தில் வையுங்கள்.

கடையில் வாங்கிய தண்ணீரைப் பிரிக்காமல் வைப்பது எளிது. வீட்டில் நிரப்புவதானால், திருகுமூடி உள்ள குடிநீர் போத்தல்களைச் சோப்பு போட்டு நன்றாக அலசிக்கொள்ளுங்கள். பால், பழச்சாறு இருந்த போத்தல்கள் ஆகா, எவ்வளவு கழுவினாலும் மிச்சம் ஒட்டியிருக்கும். பிறகு குழாய் நீரை நேராகப் பிடித்து, இறுக மூடி, தேதி எழுதி ஒட்டுங்கள். பலர் காய்ச்சி ஆற வைத்துத்தான் ஊற்றுவார்கள். நம் குழாய் நீரில் கிருமியைத் தடுக்கும் மருந்து சிறிதளவு இருக்கிறது. காய்ச்சினால் அது குறைந்துவிடும் என்பதால், சேமிப்புக்குக் காய்ச்சாத நீரே நல்லது. சீரகத் தண்ணீரும் செம்புக் குடமும் அன்றன்றைக்கு மட்டும்.

வெயில் படாத இடத்தில், மண்ணெண்ணெய், சாயம், பூச்சிமருந்து பக்கத்தில் இல்லாமல் வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். பொங்கலுக்கு வீடு சுத்தம் செய்யும்போது ஒருமுறை, ஆடி பிறக்கும்போது ஒருமுறை என்று வைத்துக்கொண்டால் மறக்காது. பழைய நீரைத் தரை துடைக்கவோ செடிக்கு ஊற்றவோ பயன்படுத்தலாம். செடித்தட்டில் தேங்க மட்டும் விடாதீர்கள்.

தண்ணீர் தடைப்பட்டால், மிச்சம் பிடிக்க நினைத்துக் குடிப்பதைக் குறைக்காதீர்கள். வயது ஏற ஏறத் தாகம் தெரிவது குறையும். தலைச்சுற்றல், அடர்ந்த நிறச் சிறுநீர், திடீர்க் குழப்பம் ஆகியவை நீர்ச்சத்து குறைந்ததற்கு அறிகுறிகள். மருந்து சாப்பிடவும் தண்ணீர் எடுத்து வையுங்கள். சிறுநீரக அல்லது இதய நோய்க்காக மருத்துவர் நீரின் அளவைக் கட்டுப்படுத்தியிருந்தால், அந்த அளவையே பின்பற்றுங்கள்.

தண்ணீர் திரும்ப வந்ததும் முதலில் சற்று கலங்கலாக வரலாம். தெளியும்வரை குழாயைத் திறந்துவிட்டு, அந்த நீரைத் தரை கழுவ வைத்துக்கொள்ளுங்கள். தெளிந்த பிறகு காலியான போத்தல்களைக் கழுவி மீண்டும் நிரப்பி, புதுத் தேதி எழுதுங்கள்.