சுழலும் விசிறியின் ஊடே பாய்ந்த குண்டு

ஸ்ரீரங்கம் சித்திரைத் தேர்க் கூட்டத்தில் குடை ராட்டினம் சுற்றுவதைக் கண்டிருப்பீர்கள். சுழலும் இருக்கைகளின் ஊடே, எதன்மீதும் படாமல், அப்பால் நிற்கும் நண்பனிடம் பந்தை எறிய முடியுமா? தக்க நேரம் பார்த்து எறிந்தால் முடியும்.

முதல் உலகப் போர் விமானிகளுக்கும் இதே சிக்கல்தான். குறிபார்த்துச் சுட ஏற்ற திசை நேர் முன்புறம். அங்கேயோ சுழல்விசிறி சுற்றுகிறது! 1915-இல் பிரெஞ்சு விமானி ரோலண்ட் காரோஸ் விசிறி அலகுகளில் எஃகுத் தகடு பொருத்தினார். பட்ட குண்டுகள் தெறித்து விலகின. அதே ஆண்டில் ஜெர்மனியின் ஃபோக்கர் விமானங்களில் இன்னும் நல்ல வழி வந்தது. எஞ்சினோடு சேர்ந்து சுழலும் புடைப்புச் சக்கரம், அலகு விலகியிருக்கும்போது மட்டும் இயந்திரத் துப்பாக்கியின் விசையைத் தட்டும். பொன்மலைப் பணிமனைக்கு வரும் டீசல் எஞ்சினில் வால்வுகளைத் திறப்பதும் இத்தகைய சக்கரமே.

நேரம் போதுமா? இரண்டு அலகுள்ள விசிறி நிமிடத்துக்கு 1,200 சுற்று சுற்றினால், நொடிக்கு 40 முறை அலகு குறுக்கிடும். இடைவெளி 1/40 நொடி. நொடிக்கு 700 மீட்டர் செல்லும் குண்டு, 1 மீட்டர் தொலைவிலுள்ள விசிறியை 1/700 நொடியில் கடந்துவிடும்!

கல்கத்தாவில் பிறந்த இந்திர லால் ராய் ஓட்டிய எஸ்.இ.5ஏ இரட்டை இறக்கை விமானத்தில், விசிறியின் ஊடே சுடும் விக்கர்ஸ் துப்பாக்கி ஒன்று. மேல் இறக்கையிலிருந்து விசிறிக்கு மேலாகச் சுடும் லூயிஸ் துப்பாக்கி மற்றொன்று. லூயிஸின் தோட்டா வட்டு தீர்ந்தால், சண்டைக்கு நடுவே கையை உயர்த்தி மாற்ற வேண்டும். 1918 ஜூலை 6 முதல் 19 வரை அவர் 10 வான்போர் வெற்றிகள் பெற்றார். ஜூலை 22-இல் பிரான்சின் கார்வின் அருகே சுட்டு வீழ்த்தப்பட்டு மாண்டார். அப்போது அவருக்கு வயது 19. உங்களைவிடச் சில ஆண்டுகளே மூத்தவர்.