நெல்லிலையைத் தைத்து வாழும் துள்ளி

யாழ்ப்பாணக் குடாநாட்டில் காலபோக நெல் பெரும்பாலும் வானத்து மழையை நம்பியே விளைகின்றது. புரட்டாதியிலும் ஐப்பசியிலும் விதைக்கப்பட்ட வயல்கள் கார்த்திகை மழையோடு மட்டம் வெடித்துப் பச்சை கட்டும் வேளையில், சில இலைகளின் ஓரம் கத்தரித்தாற்போல வெட்டுண்டிருப்பதையும், வேறு சில இலைகள் குழல்போலச் சுருண்டு நிற்பதையும் கமக்காரர் காண்பதுண்டு. கண்டவுடன் பூச்சிநாசினித் தாங்கியைத் தோளில் ஏற்றுவோர் பலர். அதற்கு முன் அச்சுருளை விரித்து உள்ளே இருப்பது யாதெனப் பார்த்தல் வேண்டும். பெரிய தலையும் ஒடுங்கிய கழுத்தும் உடைய பச்சைப் புழு ஒன்று அதனுள் அசையாது கிடக்குமாயின், அது நெல் துள்ளி என்னும் வண்ணத்துப்பூச்சியின் புழுவாகும். மட்டம் வெடிக்கும் பருவத்தில் அதன்மேல் நஞ்சு விசிறுவதால் உண்டாகும் நட்டம், புழு தின்னும் இலையால் உண்டாகும் நட்டத்திலும் பெரிதாகக் கூடும்.

பூச்சியின் தோற்றமும் பறப்பும்

துள்ளிகள் வண்ணாத்திப்பூச்சிகளுள் ஒரு தனிக் குடும்பம். உலகில் ஏறத்தாழ 4,000 இனங்கள் உள்ளன. தடித்த உடலும் குறுகிய சிறகும் உடையனவாதலின் இவை மற்றைய வண்ணத்துப்பூச்சிகளைப் போல மிதந்து பறப்பதில்லை. ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குத் துள்ளித் துள்ளி விரைகின்றன. உணர்கொம்பின் நுனி கொக்கிபோல் வளைந்திருப்பதும் இக்குடும்பத்தின் அடையாளம். வெயில் காயும்போது முன்சிறகை உயர்த்தியும் பின்சிறகைப் படியவிட்டும் இருக்கும் அந்த நிலையை வரம்பில் நின்று ஒருமுறை பார்த்தவர் மறக்கமாட்டார்.

குடாநாட்டு வயல்களில் காணத்தக்க நெல் துள்ளிகளுள் முதன்மையானது பெலோபிடஸ் மத்தியாஸ் என்பது. விரித்த சிறகின் அகலம் ஒன்றரை அங்குலத்துக்குச் சற்று முன்பின்னாக இருக்கும். நிறம் மங்கிய கபிலம். முன்சிறகில் கண்ணாடிபோன்ற சிறு வெண்புள்ளிகள் வளைவாக அமைந்திருக்கும். ஆண்பூச்சியின் முன்சிறகில் அவற்றோடு சாம்பல் நிறக் கீற்று ஒன்றும் உண்டு. அழகிய பூச்சி என்று எவரும் இதனைப் புகழமாட்டார். எனினும் இதன் பெயருக்கு நம் கடலின் அக்கரையோடு தொடர்பு உண்டு. டென்மார்க்கு தேசத்து அறிஞர் பாப்ரிசியஸ் 1798ஆம் ஆண்டில் இதற்குப் பெயரிட்டது, அக்காலத்தில் டேனியர் வசமிருந்த தரங்கம்பாடியிலிருந்து கிடைத்த பூச்சியைக் கொண்டேயாகும். ஆபிரிக்காவிலிருந்து தென்கிழக்காசியா வரை நெல்லும் புல்லும் உள்ள இடங்களிலெல்லாம் இது வாழ்கின்றது.

இதனோடு நெருங்கிய வேறு சில துள்ளிகளும் நெல்லில் முட்டையிடுவதுண்டு. அவற்றை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறிதல் ஆராய்ச்சியாளர்க்கே கடினம். கமக்காரர் அதில் காலம் போக்க வேண்டியதில்லை. எல்லாவற்றையும் ஒரே வகையாகக் கையாளலாம்.

முட்டை முதல் பூச்சி வரை

தும்பை, நாயுண்ணி முதலியவற்றின் பூக்களில் தேன் உண்ணும் பெண்பூச்சி நெல் வயலுள் புகுந்து, இலையின்மேல் முட்டைகளைக் குவியலாக அன்றி ஒவ்வொன்றாக இடுகின்றது. முட்டை வெண்ணிறமானது, அடிப்பக்கம் தட்டையாய் மேற்பக்கம் குவிந்து, கவிழ்த்த கிண்ணம்போல் இருக்கும். மூன்று முதல் ஐந்து நாளில் புழு வெளிவரும்.

புழுவின் முதல் வேலை வீடு கட்டுதல். இலையின் இரு ஓரங்களையும் வாயிலிருந்து வரும் பட்டுநூலால் இழுத்துத் தைத்து ஒரு குழலை அமைத்துக்கொள்கின்றது. ஈரமான நூல் உலரும்போது சுருங்குவதால் இலை தானாகவே வளைந்து கொடுக்கும். புழு வளர்ந்து குழல் சிறுத்துப் போகும்போது அதைவிட்டு நீங்கி, பெரிய இலையில் புதிய குழல் தைக்கும். பகலில் குழலுள் ஒளிந்திருந்து, இரவில் வெளிவந்து, இலையின் ஓரத்திலிருந்து நடுநரம்பை நோக்கித் தின்னும். வளர்ந்த புழு இரண்டு அங்குல நீளம் வரை வரும். மத்தியாஸ் இனப் புழுவின் தலையில் இருபுறமும் செந்நிறக் கீற்று ஓடும்.

இக்குழல் வீட்டின் துப்புரவு குறித்து ஒன்று சொல்லத்தக்கது. வீட்டினுள்ளேயே வாழும் புழுவின் எச்சம் அங்கேயே குவிதல் இயல்பு. ஆனால் துள்ளிப் புழுக்கள் பலவற்றின் பின்புறத்தில் சீப்புப்போன்ற ஓர் உறுப்பு உண்டு. அதன் உதவியால் எச்சத்தை விசையோடு தூர எறிந்துவிடுகின்றன. அமெரிக்காவில் வாழும் ஒரு துள்ளிப் புழு ஐந்து அடி வரை எறிவதை மார்த்தா வைஸ் என்னும் ஆய்வாளர் அளந்து, 2003ஆம் ஆண்டில் அதன் காரணத்தையும் வெளியிட்டார். எச்சத்தின் மணத்தைப் பற்றிக்கொண்டு குளவிகள் புழுவைத் தேடி வருகின்றன. வீட்டருகே மணம் இல்லையேல் குளவிக்கு வழி தெரிவதில்லை. புழுவின் முதற்பகை எதுவென்பது இதனாலேயே விளங்கும். கமக்காரருக்கு வேலையாளாக நிற்பதும் அக்குளவியே.

ஏறத்தாழ மூன்று வாரத்தில் புழு முற்றும். அப்பொழுது அதன் அடிவயிற்றில் வெண்மாவு போன்ற மெழுகு சுரக்கும். அம்மாவு குழலின் உட்புறமெங்கும் படிந்து ஈரம் ஒட்டாமற் காக்கின்றது. மார்கழி மழையில் இலைக்குழலுள் உறங்கும் கூட்டுப்புழுவுக்கு இது பெருந்துணை. கூட்டுப்புழு இளம்பச்சையாகவோ இளங்கபிலமாகவோ இரு முனையும் கூர்ந்து, நூற்கயிறு ஒன்றால் இலையோடு பிணைக்கப்பட்டிருக்கும். ஒரு வாரம் அல்லது பத்து நாளில் பூச்சி வெளிப்படும். இவ்வாறு முட்டையிலிருந்து பூச்சி வரை ஐந்து வாரமளவில் ஒரு சுற்று முடியும். நெல் இல்லாத கோடையில் வரம்புப் புற்களிலும், இறுங்கு, சோளம் முதலியவற்றிலும் இது காலங்கழிக்கும்.

மடிச்சுக்கட்டி வேறு, துள்ளி வேறு

இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதே பல தவறுகளுக்குத் தொடக்கம். மடிச்சுக்கட்டி என வழங்கும் இலைமடிப்புப் புழு ஓர் அந்துப்பூச்சியின் புழு, மெல்லியது, சிறியது. அது இலையை நீளவாட்டில் மடித்து உள்ளிருந்து பச்சையத்தைச் சுரண்டுவதால் இலையில் வெண்கோடுகள் தோன்றும், இலை குறையாது. தொட்டால் துடித்து நெளிந்து விழும். துள்ளிப் புழுவோ பருத்தது, மந்தமானது. அது இலையையே தின்றுவிடுவதால் சில வேளை நடுநரம்பு மட்டும் ஈர்க்குப்போல் நிற்கும். வெண்கோடு கண்டால் மடிச்சுக்கட்டி. வெட்டுண்ட ஓரம் கண்டால் துள்ளி. தலையில் இரு கொம்புடன் சுருள் இல்லாத இலையில் ஒட்டியிருக்கும் பச்சைப் புழு இவ்விரண்டும் அன்று. அது கொம்புப் புழு எனப்படும் வேறொரு வண்ணத்துப்பூச்சியின் புழு. அதனாலும் பெருந்தீங்கு நேர்வது அரிது.

வயலிலுள்ள காவலர்

துள்ளியின் முட்டையைத் துளைத்து அதனுள் தம் முட்டையை இடும் குளவிகள் உள்ளன. கண்ணுக்கு அரிதாகவே புலப்படும் அளவில் சிறியவை. சற்றுப் பெரிய வேறு குளவிகள் புழுவின் உடலில் முட்டையிடுகின்றன. அக்குளவிக் குஞ்சுகள் புழுவின் உள்ளிருந்து தின்று வெளியேறி, வெண்பஞ்சு போன்ற கூடுகளைப் புழுவின் அருகே கட்டுகின்றன. இக்கூடுகளைப் பூச்சி முட்டை என்றெண்ணி நசுக்குவோர் உளர். அது தன் காவலரைத் தானே கொல்வதாகும். இவையன்றி ஒட்டுண்ணி ஈக்களும், புழுவைக் குத்தி உறிஞ்சும் கொலைகார நாவாய்ப்பூச்சிகளும், பறக்கும் துள்ளியை வலையில் பிடிக்கும் சிலந்திகளும் வயலில் உள்ளன. இவை குலையாத வயலில் துள்ளி பெருகுவது அரிது. கடும் வறட்சி, வெள்ளம், பொருத்தமற்ற நஞ்சு விசிறல் ஆகியவற்றின் பின்னரே அது பெருகுவதாக நெல் ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர். முன்னிரண்டும் கமக்காரர் கையில் இல்லை. மூன்றாவது அவர் கையிலேயே உள்ளது.

மட்டம் வெடிக்கும் பருவத்தில் நெல் சில இலைகளை இழந்தாலும் புதிய மட்டமும் புதிய இலையும் விட்டு அவ்விழப்பை ஈடுசெய்துவிடும். வியட்நாம் நாட்டின் மீகொங் கழிமுகத்தில் 1994ஆம் ஆண்டு தொடங்கிய இயக்கம் இதனையே கமக்காரர்க்கு எடுத்துரைத்தது: விதைத்து முதல் 40 நாள் இலையுண்ணும் புழுக்களுக்கு மருந்து விசிற வேண்டாம் என்பது அதன் வேண்டுகோள். செய்து பார்த்தவர்கள் விளைச்சல் குறையாததைத் தம் வயலிலேயே கண்டனர்.

வீணாக விசிறியதால் வந்த கேட்டுக்கும் சான்று உண்டு. அறக்கொட்டியான் எனப்படும் கபில நிறத் தத்தி தன் முட்டைகளை இலைமடலின் உள்ளே செருகி வைக்கின்றது. இலைப்புழுவுக்கென விசிறிய நஞ்சு அம்முட்டைகளை அடைவதில்லை. வெளியே திரியும் சிலந்தியையும் குளவியையும் கொன்றுவிடுகின்றது. பின்னர் பொரிக்கும் தத்திகளுக்குப் பகையில்லாத வயல் கிடைக்கின்றது. இந்தோனேசியாவில் இவ்வாறு தத்தி பெருகி நெல் எரிந்தாற்போலக் கருகியதன் பின்னரே, அந்நாட்டு அரசு 1986ஆம் ஆண்டில் 57 வகைப் பூச்சிநாசினிகளை நெல்லில் பாவித்தலைத் தடைசெய்தது. ஒரு துள்ளிப் புழு தின்னும் இலைக்காக அறக்கொட்டியானை வரவழைத்தல் எவ்வகையிலும் இலாபமன்று.

கவனிக்க வேண்டிய வேளை

குடலைப் பருவத்துக்குப் பின் நிலைமை மாறும். கதிருக்கு உணவூட்டும் கொடியிலையும் அதற்கடுத்த இலைகளும் அழிந்தால் பயிர் அதனை ஈடுசெய்ய இயலாது. ஆகவே வயலைக் குறுக்காக நடந்து பத்து இடங்களிலேனும் சுருள்களை விரித்துப் பார்த்தல் நன்று. வெறுங்குழலும் இறந்த புழுவும் வெண்கூடும் மிகுதியாயின் காவலர் வேலை செய்கின்றனர் என்பது பொருள். உயிருள்ள புழுக்கள் இருப்பின் குழலோடு விரலால் நசுக்கிவிடலாம். பகலில் அவை வீட்டைவிட்டு ஓடா. ஓரிரு பரப்பு வயலுக்கு இது ஒரு காலைப்பொழுது வேலை. இதற்கும் அடங்காது பெருகினால் அப்பகுதி விவசாயப் போதனாசிரியரை வயலுக்கு அழைத்துக் காட்டியபின் முடிவு செய்தல் வேண்டும்.

யூரியாவை ஒரே முறையில் அள்ளி இடுதலும் கூடாது. நைதரசன் மிகுந்து கரும்பச்சையான மென்மையான இலையை இலையுண்ணிகள் பெரிதும் விரும்பும். பசளையைப் பகுதி பகுதியாக, மழை ஓய்ந்து நீர் வடிந்த வேளை பார்த்து இடுதல் பணத்துக்கும் பயிருக்கும் நல்லது. வரம்புப் புல்லை முற்றாகச் செதுக்கி எறிய வேண்டியதில்லை. நெல்லை முட்டி நிற்கும் புல்லை வெட்டினால் போதும். தும்பை போன்ற பூஞ்செடிகள் துள்ளிக்கு மட்டுமன்றிக் குளவிக்கும் தேன் கொடுக்கின்றன.

தோட்டத்திலுள்ள உறவினர்

மரக்கறித் தோட்டங்களில் கத்தரி, மிளகாய், வெங்காயம் ஆகியவற்றை நெல் துள்ளி தீண்டாது. ஆனால் மஞ்சட்பாத்தியில் அகன்ற இலையின் ஓரம் மடிந்து தைக்கப்பட்டிருந்தால் அது மஞ்சளையும் இஞ்சியையும் உண்ணும் மற்றொரு துள்ளியின் வேலை. கையாற் பொறுக்கினால் போதும். தென்னோலையில் வெண்மெழுகு நூல்கள் போர்த்திய புழு காணப்படின் அதுவும் துள்ளியே. அதன் பூச்சி சிவந்த கண்களோடு அந்தியில் பறப்பது. மேற்கு ஆபிரிக்க வனங்களிலும் இவ்வாறே செங்கண்ணுடைய துள்ளியொன்று எண்ணெய்ப் பனையின் ஓலையைத் தின்று வாழ்கின்றது.

நீர்வேலி முதலிய இடங்களில் வாழை செய்வோர் மட்டும் ஒரு துள்ளியைப் பற்றி விழிப்பாயிருத்தல் வேண்டும். தென்கிழக்காசியாவைச் சேர்ந்த வாழைத் துள்ளி இலையை ஓரத்திலிருந்து கிழித்துச் சுருட்டுச் சுற்றினாற்போலத் தடித்த சுருளாக்கும். உள்ளே வெண்மாப் பூசிய புழு இருக்கும். அது 1973ஆம் ஆண்டில் ஹவாய்த் தீவுகளிற் புகுந்து வாழையைச் சிதைத்தது. அதன் முட்டையையும் புழுவையும் தாக்கும் குளவிகளைக் கொண்டுவந்து விட்ட பின்னரே அடங்கியது. கடந்த பத்தாண்டில் தென்னிந்தியாவிலும் அதே இனத்துறவுத் துள்ளி வாழையில் பெருகிற்று. அத்தகைய சுருள் எங்கேனும் தென்பட்டால், இலையோடு வெட்டி ஒரு பையில் இட்டுக் கட்டி, அன்றைக்கே விவசாயப் போதனாசிரியரிடம் ஒப்படைத்தல் வேண்டும்.