கடல் தாண்டியும் ஒரு கடையநல்லூர்!

தம்பி!

வாசுதேவநல்லூரில் பேருந்துக்காகக் காத்திருந்தேன். பக்கத்தில் ஒரு பெட்டி. பெட்டியருகே ஓர் இளைஞன். அவனருகே அவன் தாய்.

“பயணம் எங்கே?” என்றேன்.

“சிங்கப்பூருக்கு, அண்ணாச்சி.”

“அங்கே யாரைத் தெரியும்?”

“யாரையும் தெரியாது.”

தாய் குறுக்கிட்டாள்: “கழுத்துல கிடந்ததை அடகு வச்சு அனுப்புதேன், ஐயா!”

யாரையும் தெரியாது! இரண்டே சொற்கள்தான், தம்பி. ஆனால், அந்த இரு சொற்களைச் சுமந்துகொண்டு இந்தச் சீமையிலிருந்து கடல் கடந்தவர்கள் கொஞ்சமா?

இதே சாலையில் தெற்கே போ. புளியங்குடி வரும், அதையும் தாண்டினால் கடையநல்லூர். நெசவாளர் நிறைந்த ஊர். தறி ஆடியும் அடுப்பு எரியாத நாட்களில், அவ்வூர் முஸ்லிம் குடும்பங்களும் தென்காசிக் குடும்பங்களும் சிங்கப்பூருக்குக் கப்பலேறின. நாகப்பட்டினத்திலிருந்து ‘ரஜூலா’ போன்ற கப்பல்கள் ஓடிய காலம் அது. பிற ஊர்களிலிருந்து பெரும்பாலும் ஆண்மகன் தனியே போனான். இவர்களோ மனைவி மக்களுடன் போனார்கள்!

துறைமுகத்தை ஒட்டிய தஞ்சோங் பகார் வட்டாரத்தில் குடியேறினர். கடைவீதியில் சீனம், சந்தையில் மலாய், அதிகாரத்தில் ஆங்கிலம்! அஞ்சினார்களா? ஆண்கள் துறைமுகத்தில் உழைத்தனர். பெண்கள் மசாலா அரைத்து விற்றனர். அம்மியும் குழவியும் அந்நிய நகரில் அடுப்பெரிய வைத்தன! முன்னே வந்தவன் பின்னே வந்தவனுக்குப் பாய் விரித்தான். வேலைக்கு வழி சொன்னான்.

அதோடு நின்றார்களா? இல்லை. 1941இல் சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் என்ற அமைப்பைக் கண்டனர். மறு ஆண்டே ஜப்பானியர் சிங்கப்பூரைப் பிடித்தனர். பசி, பயம், குண்டு! 1945இல் போர் ஓய்ந்தது. 1946இல் அந்த உழைப்பாளிகளின் அமைப்பு என்ன செய்தது தெரியுமா? மாளிகை கட்டவில்லை, தம்பி. பள்ளி கண்டது! தமிழ்ப் பள்ளி! அதற்குச் சூட்டிய பெயர் செல்வர் பெயரல்ல. சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவரின் பெயர். 1960இல் உயர்நிலைப் பள்ளியும் எழுந்தது.

பிறகு காலம் மாறிற்று. பெற்றோர் ஆங்கிலப் பள்ளியை நாடினர். மாணவர் தொகை குறைந்தது. 1982இல் உமறுப்புலவர் உயர்நிலைப் பள்ளி மூடப்பட்டது. மறைப்பானேன்? வலிக்கத்தான் செய்கிறது. ஆனால், விதைத்தது வீண் போகவில்லை. உமறுப்புலவர் தமிழ் மொழி நிலையம் என்று அந்தப் பெயர் இன்றும் அங்கே வாழ்கிறது. அந்நாட்டின் நான்கு ஆட்சிமொழிகளில் தமிழும் ஒன்று. அந்நகரில் ஒரு தெருவுக்கே கடையநல்லூர்த் தெரு என்று பெயர்!

இன்று போகிறவனின் நிலை வேறு. ஒப்பந்த வேலை, குடும்பத்தை அழைத்துப் போக வழியில்லை, தொழிலாளர் விடுதியில் ஓர் அறையில் பலர். 2020இல் கொள்ளைநோய் அந்த விடுதிகளில் புகுந்தபோது, பல மாதங்கள் அடைபட்டுக் கிடந்தவர்களில் நம் பிள்ளைகளும் உண்டு.

ஆகவே, அந்த இளைஞனிடம் சொன்னேன்: “ஒப்பந்தத் தாளைப் படிக்காமல் கையெழுத்திடாதே. அடுத்த படுக்கைக்காரன் வங்காளதேசத்தவனாக இருக்கலாம். அவனும் தாயின் நகையை அடகு வைத்து வந்தவனாக இருப்பான். அவனோடு சோறு பகிர்ந்து உண். விமான நிலையத்தில் பெட்டியைத்தான் சோதிப்பார்கள், சாதியை அல்ல. அதை நீயே இங்கே இறக்கி வைத்துவிட்டுப் போ. நாளை ஒருவன், யாரையும் தெரியாது என்று வந்து நிற்பான். அவனுக்குத் தெரிந்த முதல் ஆள் நீயாக இரு!”

பேருந்து வந்தது. ஏறினான். தாய் கையசைத்தாள்.

ஊர்ப்பற்று ஒரு திண்ணை, தம்பி. களைத்து வந்தவன் உட்காரத் திண்ணை வேண்டும். ஆனால், திண்ணையோடு நின்றுவிட்டால் வீடாகாது. கடையநல்லூரார் திண்ணையிலிருந்து எழுந்து பள்ளிக்கூடம் கட்டினார்கள். அதனால்தான் அந்நிய நகரம் அவர்களுக்குச் சொந்த நகரமாயிற்று!