எதிரே வரும் வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கிறதா?

வேலை முடிந்து பைக்கில் வீடு திரும்பும் ஒருவர் மீது சரக்கு ஆட்டோ மோதுகிறது என்று வைத்துக்கொள்வோம். தவறு முழுக்க ஆட்டோக்காரருடையது. போலீஸ் எஃப்.ஐ.ஆர். போட்டு, வண்டியின் காகிதங்களை வாங்கிப் பார்க்கும்போதுதான் இன்சூரன்ஸ் எப்போதோ காலாவதியானது தெரிகிறது. ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும் குடும்பத்துக்கு அதன் தீவிரம் அப்போது உறைக்காது. வழக்கு முடியும்போதுதான் உறைக்கும்.

தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் இல்லாத வண்டியைச் சாலையில் இறக்கவே கூடாது என்கிறது 1988 மோட்டார் வாகனச் சட்டம். ஆனால், ஓடும் வண்டிகளில் ஏறத்தாழ பாதிக்கு அது இல்லை என்பதை அரசுத் தரப்புக் கணக்குகளே ஒப்புக்கொள்கின்றன. இதில் பெரும்பங்கு இருசக்கர வாகனங்கள். உச்ச நீதிமன்ற உத்தரவால் 2018 செப்டம்பர் முதல் புது பைக்குக்கு 5 ஆண்டு, புது காருக்கு 3 ஆண்டு தேர்ட் பார்ட்டி பாலிசி சேர்ந்தே வருகிறது. அந்தக் கெடு முடிந்ததும் பலர் புதுப்பிப்பதில்லை. முதல் முறை பிடிபட்டால் அபராதம் 2,000 ரூபாய். மறுபடி பிடிபட்டால் 4,000. மூன்று மாதம் வரை சிறைக்கும் சட்டத்தில் இடமுண்டு. இருந்தும் பயம் வரவில்லை.

இன்சூரன்ஸ் உள்ள வண்டி மோதினால், விபத்து இழப்பீடு கேட்டுப் போடும் எம்.சி.ஓ.பி. வழக்கில் தீர்ப்பாயம் சொல்லும் தொகையைக் கம்பெனி கட்டும். இல்லாத வண்டி என்றால் உரிமையாளர்தான் கட்ட வேண்டும். தீர்ப்பு 10 லட்சம் என்று வரலாம். ஆனால் அவர் தவணையில் வண்டி வாங்கி ஓட்டுபவராக இருந்தால் அந்தப் பணம் எங்கிருந்து வரும்? நிறைவேற்று மனு போடலாம்; கலெக்டர் மூலம் நிலவரி பாக்கியைப் போல வசூலிக்கவும் வழி இருக்கிறது. வசூலிக்க அவரிடம் ஏதாவது இருக்க வேண்டுமே! தீர்ப்பு நகலை வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் கோர்ட்டுக்கு நடப்பதுதான் மிச்சம்.

"இடித்துவிட்டுப் போனால் அரசு 2 லட்சம் தருமே" என்பார்கள். 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த திட்டம் அது: உயிரிழப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000. ஆனால் மோதிய வண்டி எது என்றே தெரியாத விபத்துக்குத்தான் அந்தப் பணம். நம்பர் தெரிந்து, இன்சூரன்ஸ் இல்லாத வண்டியாக இருந்தால் அது கிடைக்காது. தமிழக அரசின் 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். பெரிய உதவிதான்; ஆனால் அதன்பின் வேலைக்குப் போக முடியாத மாதங்களுக்கு அது ஈடாகாது.

அமெரிக்காவில் இதற்கென்றே தனிக் காப்பீடு உண்டு. இன்சூரன்ஸ் இல்லாதவர் வந்து இடித்தால், அடிபட்டவருக்கு அவருடைய கம்பெனியே இழப்பீடு தரும். பல மாநிலங்களில் அது கட்டாயம். இங்கே அந்தப் பெயரில் பாலிசி இல்லை. ஓரளவுக்கு அந்த இடத்தை நிரப்புவது, வண்டி உரிமையாளர் ஓட்டும்போது ஏற்படும் விபத்துக்கான தனிநபர் காப்பீடு. முன்பு பைக்குக்கு 1 லட்சம், காருக்கு 2 லட்சம் என்றிருந்ததை 2018-ல் 15 லட்சமாக உயர்த்தினார்கள். யார் மீது தவறு, எதிர் வண்டிக்கு இன்சூரன்ஸ் உண்டா என்ற கேள்விகளே இதில் எழாது. உயிர் போனாலோ நிரந்தர ஊனம் ஏற்பட்டாலோ பணம் வரும். பிரீமியம் ஆண்டுக்குச் சில நூறு ரூபாய்.

ஆன்லைனில் புதுப்பிக்கும்போது பலர் கைவைப்பது இந்தச் சில நூறில்தான். வேறு 15 லட்சம் பாலிசி வைத்திருப்பவர்களுக்கு விலக்கு உண்டு என்பதால், 'ஏற்கெனவே இருக்கிறது' என்று டிக் அடித்துவிட்டுத் தாண்டிவிடுகிறார்கள். பாலிசித் தாளில் தனிநபர் காப்பீடு என்ற வரிக்கு நேரே பூஜ்யம் விழுகிறது.

இதைவிடப் பெரிய ஓட்டை ஆர்.சி. புக்கில் இருக்கிறது. வண்டி அப்பா பெயரில், தினமும் ஓட்டுவது மகன். எத்தனை வீடுகளில் இப்படி! இந்தக் காப்பீடு லைசென்ஸ் உள்ள உரிமையாளருக்கு மட்டுமே. மகனுக்கு ஏதாவது ஆனால் ஒரு ரூபாய் வராது. பின்னால் உட்கார்ந்து போகும் மனைவிக்கும் வராது. மகனுக்குத் தனியாக விபத்துக் காப்பீடு எடுங்கள். இல்லையேல் வண்டியை அவர் பெயருக்கு மாற்றுங்கள். ஆஸ்பத்திரிச் செலவை இந்த 15 லட்சம் ஏற்காது. அதற்கு மருத்துவக் காப்பீடு தனியே வேண்டும். வண்டி பழுதுக்கு, பேச்சுவழக்கில் 'ஃபுல் இன்சூரன்ஸ்' எனப்படும் பாலிசி.

எதிரே வருபவர் பிரீமியம் கட்டினாரா என்பது நம் கையில் இல்லை. உங்கள் பாலிசியை இன்று எடுத்துப் பாருங்கள். தனிநபர் காப்பீடு என்ற வரிக்கு நேரே பூஜ்யம் இருந்தால், அடுத்த முறை வண்டியை எடுக்கும் முன் தனிநபர் விபத்துக் காப்பீடு ஒன்றை எடுத்துவிடுங்கள்.