சொட்டு மருந்துக்குப் பின்னால் குரங்குகள்

ஒரத்தநாடு, திருவையாறு பக்கம் ஐம்பதைத் தாண்டியவர்களைக் கேட்டால், இளம்பிள்ளை வாதத்தில் கால் சூம்பிப்போன பள்ளித் தோழர் ஒருவரையாவது சொல்வார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் அந்த நோயைப் பார்த்ததே இல்லை. இந்தியாவில் இயற்கையாகப் பரவிய போலியோ கடைசியாக ஒரு குழந்தையைத் தாக்கியது 2011 ஜனவரியில், மேற்கு வங்கத்தின் ஹவுராவில்.

இந்த வெற்றியைப் பேசும்போது சொட்டு மருந்து முகாம்களையும், அதற்காக வாதாடிய வேலூர் டாக்டர் டி.ஜேக்கப் ஜானையும் நினைக்கிறோம். குரங்குகளை மறந்துவிடுகிறோம்.

1908-ல் வியன்னாவில் கார்ல் லேண்ட்ஸ்டைனரும் எர்வின் பாப்பரும், போலியோவில் இறந்த சிறுவனின் தண்டுவடத் திசுவைக் குரங்குகளுக்குச் செலுத்தினார்கள். குரங்குகளுக்கும் நோய் கண்டது. இது தொற்றுநோய்தான் என்பது உறுதியானது.

பிறகு ஒரு பெரிய சறுக்கல். நியூயார்க்கில் சைமன் ஃப்ளெக்ஸ்னர் ரீசஸ் குரங்குகளை வைத்து, வைரஸ் மூக்கு வழியாகவே நுழைகிறது என்று முடிவுகட்டினார். ரீசஸுக்கு வாய்வழியே போலியோ எளிதில் தொற்றாது, மனிதருக்குத் தொற்றும். இந்த வேறுபாடு பிடிபடாததால் 1937-ல் டொரன்டோவில் குழந்தைகளின் மூக்கில் துத்தநாக சல்பேட் தெளித்தார்கள். நோய் நிற்கவில்லை. சில பிள்ளைகள் முகரும் திறனை இழந்ததுதான் மிச்சம்.

சரியான விலங்கு கிடைத்ததும் வழி திறந்தது. வாய்வழியே வைரஸ் ஊட்டிய வேறு வகைக் குரங்குகளிலும் சிம்பன்சிகளிலும், வாதம் வருமுன்பே ரத்தத்தில் வைரஸ் இருப்பதை 1952-ல் டோரத்தி ஹார்ஸ்ட்மனும் டேவிட் போடியனும் தனித்தனியே காட்டினார்கள். அப்படியானால் ரத்தத்திலேயே அதை மடக்கிவிடலாம். மலக்கழிவு கலந்த தண்ணீரில் பரவும் இந்த நோயை, ஊரைச் சுற்றிக் குளமும் வாய்க்காலுமாக வாழும் டெல்டாக்காரர்கள் வெல்ல முடிந்ததற்கு அந்தக் கண்டுபிடிப்பும் காரணம்.

சால்க் உருவாக்கிய போலியோ தடுப்பூசிக்கு வைரஸை வளர்த்தது குரங்கின் சிறுநீரகச் செல்களில். நம் ஊர்ப் புளியமரத்து நாட்டுக்குரங்குகள் பெரும்பாலும் தப்பின. வட இந்திய ரீசஸ்கள் கூண்டு கூண்டாக விமானம் ஏறின. 1955 ஜனவரியில் லண்டன் விமான நிலையத்தில் ஏறத்தாழ 390 குரங்குகள் மூச்சுத் திணறிச் செத்தன. அந்தச் செய்தி இன்றும் என் நெஞ்சை அறுக்கிறது. 1978-ல் இந்தியா ஏற்றுமதியையே தடைசெய்தது.

2020-ல் கொரோனா தடுப்பூசியான கோவாக்சினைச் சோதிக்கப் புனே தேசிய வைராலஜி நிறுவனத்துக்கு 20 ரீசஸ் குரங்குகள் போதுமாக இருந்தன. சொட்டு மருந்தின் பாதுகாப்பைப் பரிசோதிக்கக் குரங்கின் தண்டுவடத்தில் ஊசி போட்டுவந்த இடத்தில், மனித ஏற்பி பொருத்திய சுண்டெலியைப் பயன்படுத்த உலக சுகாதார நிறுவனமும் இசைந்துவிட்டது.