மூடிய கதவும் மக்கள் தீர்ப்பும்

மக்கள் தேர்ந்தெடுத்து அனுப்பிய ஒருவரை, உனக்கு இங்கே இடமில்லை என்று விரட்டச் சட்டசபைக்கு உரிமை உண்டா?

உண்டு என்றது அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலச் சட்டசபை. நாள், 1966 ஜனவரி 10. விரட்டச் சொன்னோர் 184 பேர். வேண்டாம் என்றோர் 12 பேர்! விரட்டப்பட்டவர் ஜூலியன் பாண்ட் என்னும் 25 வயதுக் கருப்பின இளைஞர். மற்றவர்கள் பிரமாணம் எடுத்தனர். அவர் மட்டும் ஒதுங்கி நிற்க வேண்டும் என்றனர்.

அவர் செய்த குற்றம் என்ன? லஞ்சம் வாங்கினாரா? ஓட்டுப் பெட்டியை உடைத்தாரா? இல்லை! அவர் பணியாற்றிய மாணவர் அகிம்சை ஒருங்கிணைப்புக் குழு, வியட்நாம் யுத்தத்தைக் கண்டித்து அறிக்கை விட்டது. உள்நாட்டுக் கருப்பருக்கே உரிமையும் பாதுகாப்பும் தராத சர்க்கார், கடல் கடந்து சுதந்திரம் காக்கப் போகிறதா என்று கேட்டது. பட்டாளத்துக்குப் போக மறுத்த இளைஞர் பக்கம் நின்றது. அக்கருத்து தமக்கும் உடன்பாடே என்றார் பாண்ட். அவ்வளவுதான்!

அரசியல் சட்டத்துக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க அவர் தயாராகவே வந்திருந்தார். அவர் அதை மனதார எடுக்கமாட்டார் என்று இவர்களே முடிவு கட்டினர். அடுத்தவர் நெஞ்சுக்குள் புகுந்து பார்க்கும் வித்தையை இவர்களுக்கு யார் கற்றுக் கொடுத்தார்கள்?

1965-ல் அட்லாண்டா நகரில் வீடு வீடாக ஏறி இறங்கி ஓட்டுக் கேட்டவர் பாண்ட். நாற்காலியைப் பறித்ததும் அவர் கோர்ட்டுக்குப் போனார். அத்தொகுதியின் வாக்காளர் என்ற முறையில் மார்ட்டின் லூதர் கிங்கும் வழக்கில் சேர்ந்தார். பறிபோனது ஒரு மனிதரின் பதவியல்ல, ஒரு தொகுதியின் குரல் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

கீழ்க்கோர்ட்டில் மூன்று நீதிபதிகளில் இருவர் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தனர். மக்கள் அசைந்தார்களா? 1966 பிப்ரவரி இடைத்தேர்தலில் அவரையே மீண்டும் அனுப்பினர். மறுபடியும் கதவடைப்பு! நவம்பரில் மூன்றாம் முறையும் அவரையே தேர்ந்தெடுத்தனர்.

1966 டிசம்பர் 5-ல் சுப்ரீம் கோர்ட் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. எழுதியவர் தலைமை நீதிபதி ஏர்ல் வாரன். சர்க்காரின் கொள்கையைக் குறை கூறும் உரிமை சட்டசபை அங்கத்தினருக்கும் உண்டு. அதற்காக அவரை வெளியே நிறுத்தியது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்றது.

1967 ஜனவரியில் பாண்ட் உள்ளே நுழைந்தார். 1968-ல் ஜனநாயகக் கட்சி மாநாட்டில் உதவி ஜனாதிபதி பதவிக்கே அவர் பெயர் முன்மொழியப்பட்டது. வயது 28, அப்பதவிக்கோ 35 நிறைய வேண்டும் என்பதால் விலகிக் கொண்டார். கீழ்ச்சபையிலும், பின்னர் 1975 முதல் 1987 வரை மேல்சபையிலும் இருந்தார். 2015-ல் மறைந்தார்.

தோழர்களே! சட்டசபை நாற்காலி, உள்ளே உட்கார்ந்திருக்கும் பெரும்பான்மையின் சொத்தல்ல. ஓட்டுப் போட்டவனின் சொத்து. கோர்ட் அதைச் சொல்லும் முன்பே அட்லாண்டாவின் ஏழை எளிய மக்கள் மூன்று முறை சொல்லிவிட்டார்கள். கதவை மூடினால் திரும்பவும் மக்களிடம் போவோம், திரும்பவும் கேட்போம். ஜனநாயகத்தில் நமக்குத் தெரிந்த வழி அதுதான்.